எஃப் எட்டில் ஒரு சிப்பாய்

சதுரங்க நெறிமுறை வாரியம் என்று ஒன்று இருக்கிறது. இல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் ஒரு குறையும் வந்திருக்காது. ஆனால் இருக்கிறது. பொன்னேரியில் ஒரு கல்யாண மண்டபத்தின் மேல்மாடியில் அதன் வடக்கு மண்டல அலுவலகம். முகூர்த்த நாளில் கீழே கெட்டிமேளம் கொட்டினால் மேலே விசாரணையை நிறுத்திவிட்டு, எல்லாரும் பந்திக்கு இறங்கிவிடுவார்கள். அந்த நேரத்தில் மட்டும்தான் அவர்களால் ஒருவருக்கும் தொந்தரவு இல்லை.

நான் ஜான்சன். பழவேற்காடு பஜாரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார், ரேஷன் கார்டு, மீனவர் நிவாரணம், ரயில் டிக்கெட், பிறப்பு, இறப்பு, எல்லாம் என் கடையில் ஒரே கம்ப்யூட்டரில்தான். கடவுளுக்கும் ஊருக்கும் நடுவில் ஃபாதர் நிற்கிற மாதிரி, போர்ட்டலுக்கும் ஊருக்கும் நடுவில் நான் நிற்கிறேன். ஆனால் ஃபாதரைப் பார்த்து யாரும் "இன்னாபா, சர்வர் எப்போ வரும்" என்று கத்துவதில்லை. அந்த மரியாதை எனக்கு இல்லை.

அந்தக் கடைக்கு ஒரு சனிக்கிழமை தேவி வந்தாள். ஏரிக்கு நடுவில் இருக்கிற பசியாவரத்துப் பெருமாளின் மகள், அந்த வருஷம்தான் பிளஸ் டூ முடித்திருந்தாள். மாவட்டச் சதுரங்கப் போட்டியின் கடைசி ஆட்டத்தில் ஜெயித்துவிட்டு, நகர்த்தல்களை எழுதி ஆடினவர்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட ஆட்டத்தாளை ஈரம் படாமல் பிளாஸ்டிக் கவரில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். ஜெயித்தவர் ஆட்டத்தை வாரியத்தின் போர்ட்டலில் ஏற்ற வேண்டும். போர்ட்டல் ஏற்றுக்கொண்டால்தான் ஜெயித்ததாகக் கணக்கு. ஏற்றுக்கொண்டால் பொன்னேரியில் ஒரு காலேஜில் விளையாட்டு ஒதுக்கீட்டில் பி.காம். இடம், ஒரு பைசா கட்ட வேண்டாம். இல்லையென்றால் விடியற்காலையில் பஜாருக்கு வரும் இறால் கம்பெனி வேன். அவளோடு படித்த பெண்களில் பாதிப் பேர் ஏற்கெனவே அந்த வேனில்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

நான் நகர்த்தல்களை ஒவ்வொன்றாகத் தட்டினேன். ஒவ்வொன்றுக்கும் பச்சை டிக் விழுந்தது. நாற்பத்தொன்றாவது நகர்த்தலில் திரை சிவந்தது.

"f8=N+. இந்த நகர்த்தல் ஒழுங்கில் இல்லை. எனவே இது நிகழவில்லை."

சதுரங்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சிப்பாய் ஒவ்வொரு கட்டமாக நடந்து எதிராளியின் கடைசி வரிசைக்குப் போய்விட்டால், அது ராணியாகலாம், யானையாகலாம், மந்திரியாகலாம், குதிரையாகலாம். ஆடுகிறவர் இஷ்டம். உலகம் முழுக்க அப்படித்தான். எல்லாரும் ராணி எடுப்பார்கள். தேவி எஃப் எட்டு என்கிற கட்டத்தில் குதிரை எடுத்திருந்தாள். அதுதான் அந்த N.

உதவி மையத்துக்குப் போன் போட்டேன். பாட்டெல்லாம் பாடி முடித்த பிறகு ஒரு பெண் எடுத்தாள்.

"சார், குதிரைன்னு இருக்குற இடத்துல ராணின்னு மாத்திப் போட்டுடுங்க. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

"அந்தப் பொண்ணு குதிரைதான்மா எடுத்துருக்கு."

"எடுத்தது உங்க விருப்பம் சார். போடுறது எங்க விருப்பம்" என்று சொல்லி, சேவை எப்படி இருந்தது என்று ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் கேட்டாள்.

நான் தேவியைப் பார்த்தேன். "ராணின்னு போட்டுடட்டுமா? யாருக்குத் தெரியப் போவுது?"

"ராணி போட்டா நான் தோத்துட்டேன் அண்ணா" என்றாள்.

கடை மேஜையில் இருந்த ரப்பர் ஸ்டாம்பு, பின் டப்பா எல்லாவற்றையும் எடுத்துக் காய்களாக வைத்துக் காட்டினாள். "பாருங்க, எப்சியோட ராணி இங்க கீது. நான் ராணி எடுத்தா அவ நேரா என் கடைசி வரிசைக்கு எறங்கி மாட் வச்சிடுவா. ஆட்டம் குளோஸ். குதிர எடுத்தா அவ ராஜாவுக்குச் செக்கு. ராஜா நவுந்தே ஆவணும். அவ நவுந்ததும் அவ ராணிய என் குதிர வெட்டிடும். அப்பிடித்தான் ஜெயிச்சேன்."

எப்சி என்றால் எப்சிபா. எங்கள் பஜாரில் நண்டு விற்கும் சூசையம்மாளின் மகள். கடைசி ஆட்டத்தில் தேவியிடம் தோற்றவள்.

"குதிர எடுக்கணும்னு எப்பிடிம்மா தோணுச்சு?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். பசியாவரத்தில் ஆண்கள் வலை கட்டும் முறைக்காகப் படகில் காத்திருக்கும்போது ஆடுகிற சதுரங்க செட் ஒன்று உண்டு. அதில் வெள்ளை ராணி எப்போதோ ஏரியில் விழுந்துவிட்டது. அதற்குப் பதில் சோடா மூடி ஒன்று நின்றது. சிப்பாய் கடைசிக்குப் போனால் இன்னொரு மூடிக்கு எங்கே போவது? வெட்டுப்பட்டு டப்பாவில் கிடக்கிற குதிரையை எடுத்துக்கொள்வார்கள். அது அந்த ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. தேவி சின்ன வயதிலிருந்து குதிரையை வைத்தே ஜெயித்துப் பழகியவள்.

அன்று சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு நான் போர்ட்டலை நோண்டினேன். எனக்குக் கோபம் வந்தால் நோண்டுவேன். உள்ளே இருந்தது ஒரே ஒரு வரி. கம்ப்யூட்டர்காரர்கள் அதை ரெகெக்ஸ் என்பார்கள். எழுத்துகள் எந்த வரிசையில் வரலாம் என்று சொல்கிற ஒரு வாய்ப்பாடு. முதலில் காய்க்கு ஒரு எழுத்து, பிறகு கட்டத்துக்கு ஒரு எழுத்தும் எண்ணும், சமக்குறி வந்தால் அடுத்து ராணிக்குரிய Q மட்டும். எழுதிய மகராசன் மற்ற மூன்றையும் மறந்துவிட்டான். அதற்குப் பலகையும் தெரியாது, காயும் தெரியாது, ஆட்டமும் தெரியாது. எழுத்து சரியாக நிற்கிறதா என்று மட்டும் பார்க்கும். வாசலில் நிற்கிற வாட்ச்மேன் சட்டைப் பட்டனை மட்டும் பார்த்து உள்ளே விடுகிற மாதிரி.

சரி, பார்த்துவிடலாம் என்று என் பெயரில் ஓர் ஆட்டம் தட்டினேன். முதல் நகர்த்தலிலேயே வெள்ளை ராணி மாட் வைத்தது. உடனே கறுப்பு ராணியும் அதே கட்டத்தில் மாட் வைத்தது. மறுபடி வெள்ளை, மறுபடி கறுப்பு. Qe1#, Qe1#, Qe1#, கை வலிக்கும் வரை தட்டினேன். எல்லாம் பச்சை. "வாழ்த்துகள் திரு. ஜான்சன். தங்கள் ஆட்டம் முழுவதும் ஒழுங்கில் உள்ளது" என்று வந்தது.

மறுநாள் பெருமாள் அண்ணன் கடைக்கு வந்தார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு திரையில் சிவந்து நிற்கிற வரியை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இன்னாபா ஜான்சன், நிகழவில்லைனா இன்னா அர்த்தம்? எல்லாரும் பாத்தாங்களே."

"போர்ட்டல் பாக்கல அண்ணே."

அவர் யோசித்தார். எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. வலை கட்டுகிற நல்ல இடம் இன்றைக்கு உனக்கு என்றால் நாளைக்கு எனக்கு. சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். யாருடைய முறை என்று தகராறு வந்தால் ஊர் கூடும். விட்டுக்கொடுக்கிறவன் எழுந்து நின்று "அவன் முறைதான்" என்று சொன்னால் தீர்ந்தது. அதற்கு மேல் ஒரு சாட்சி, ஒரு காகிதம் யாரும் கேட்க மாட்டார்கள். தோற்றவன் வாயாலேயே வந்த பிறகு என்ன பேச்சு?

"அப்போ எப்சிபா பொண்ண வாரியத்துக்கு இட்டுனு போவலாம்" என்றார் பெருமாள். "அது வந்து 'நான்தான் தோத்தேன்'னு ஒரு வார்த்த சொல்லட்டும். முடிஞ்சிபோச்சு."

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போர்ட்டலில் ஒரு முறையீடு போட்டேன். விசாரணைக்கு வாரியம் கொடுத்த தேதி பெருமாளின் பாடு நாள். நல்ல இடம், இறால் ஏறுகிற பருவம். அவர் முறையை அடுத்த வீட்டுக்காரருக்கு விட்டுவிட்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அவர், தேவி, எப்சிபா, நான், நாலு பேரும் பஸ்ஸில் பொன்னேரி போய், அங்கிருந்து ஒரே ஷேர் ஆட்டோவில் வந்து மண்டபத்தில் இறங்கினோம். எப்சிபா வழியெல்லாம் வேர்க்கடலை உரித்துத் தேவிக்குக் கொடுத்துக்கொண்டு வந்தாள்.

மேல்மாடியில் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் ஒரு பெரிய கண்ணாடிச் சட்டம். அதற்குள் அந்த ஒற்றை வரி. வாரியத்தில் அதற்கு ஒழுங்குக் கோவை என்று பெயர் வைத்திருந்தார்கள். சந்தன மாலை போட்டு, சீரியல் பல்பு எரியவிட்டு, சட்டத்தின் நான்கு மூலையிலும் பொட்டு வைத்திருந்தார்கள். செருப்பை வெளியே விடச் சொன்னார்கள்.

நெறிமுறை அலுவலர் தமிழ்வாணன் வந்ததும் எல்லாரும் எழுந்து நின்றோம். ஒரு கிளார்க் தொண்டையைச் செருமிக்கொண்டு கோவையை வாசித்தார்.

"சதுர அடைப்புக்குறி திறக்கிறது. கே, க்யூ, ஆர், பி, என். சதுர அடைப்புக்குறி மூடுகிறது. கேள்விக்குறி."

"கேள்விக்குறி" என்று மற்ற ஊழியர்கள் கூடச் சொன்னார்கள்.

இப்படியே போய்க் கடைசியில் ஒரு டாலர் குறியோடு முடிந்தது. உட்கார்ந்தோம். பெருமாள் என் காதில், "இத்தினி கேள்வி கேக்குறாரே, பதில் யார்பா சொல்றது" என்று கேட்டார். நான் அவர் தொடையைக் கிள்ளினேன்.

தமிழ்வாணன் நல்ல மனிதர் மாதிரிதான் தெரிந்தார். சாந்தமான முகம். இந்த மாதிரி முகங்களைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

"பழவேற்காட்டிலிருந்து வந்திருக்கிறீர்களா? மிக்க மகிழ்ச்சி. வாரிய வரலாற்றிலேயே மிக ஒழுங்கான ஆட்டம் உங்கள் ஊரிலிருந்துதான் பதிவாகியிருக்கிறது. ஜான்சன் என்பவர் ஆடியது. ஒரு சிவப்பு கிடையாது. இந்த ஆண்டு ஒழுங்காளர் விருது அவருக்குத்தான்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சார், அந்த ஆட்டத்துல ரெண்டு ராஜாவும் மொத நகர்த்தல்லயே செத்துட்டாங்க சார்" என்றேன் மெதுவாக.

"இருக்கலாம். யார் செத்தார்கள் என்பது ஆட்டக்காரர்களின் சொந்த விஷயம். எழுத்து ஒழுங்காக இருந்ததா? இருந்தது."

பிறகு தேவி பக்கம் திரும்பினார். குரலில் அன்பு கூடிவிட்டது.

"ஏன் அம்மா, ராணி ஆகிற வாய்ப்பு கையில் இருக்கும்போது குதிரை ஆகிறேன் என்கிறாயே. மகளிர் முன்னேற்றத்துக்கு எவ்வளவு திட்டம் இருக்கிறது. ஒரு பெண்பிள்ளை உயர வேண்டும் என்று வாரியம் ஆசைப்படுகிறது. நீ உயர மாட்டேன் என்று அடம் பிடிக்கிறாய். உன்னைப் பார்த்து நாலு பெண்கள் குதிரையாகிவிட்டால் யார் பொறுப்பு?"

"ராணி எடுத்தா தோத்துடுவேன் சார்" என்றாள் தேவி.

"தோற்கலாமே. ராணியாகத் தோற்பதில் ஒரு கௌரவம் இருக்கிறது." பெருமாளைப் பார்த்தார். "வீட்டில் என்ன பயிற்சி கொடுத்தீர்கள்? ராணியை வைத்து ஆடச் சொல்லித்தரவில்லையா?"

பெருமாள் எழுந்து நின்று உள்ளது உள்ளபடி சொன்னார். "எங்க செட்டுல ராணியே கெடையாது சார். ஏரில வுழுந்துட்ச்சு."

கிளார்க் அதை எழுதிக்கொண்டார். "பயிற்சியில் ராணி இல்லை. ஏரியில் தொலைத்ததாகத் தந்தை ஒப்புதல்."

இனி எப்சிபாதான் வழி என்று பெருமாள் அவளைப் பார்த்துத் தலையை அசைத்தார். அவள் எழுந்து பாவாடையைச் சரிசெய்துகொண்டாள்.

"சார், நான்தான் எதிர்ல ஆடுனேன். தேவி குதிரதான் எடுத்தா. நான் பாத்தேன். என் ராணி போச்சு. நான் தோத்தேன் சார்."

பெருமாள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எல்லாம் முடிந்தது, அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்கிற மாதிரி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

தமிழ்வாணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்கள் எதில் வந்தீர்கள்?"

"ஆட்டோல சார்."

"இவர்கள்?"

"எல்லாரும் ஒரே ஆட்டோதான் சார்" என்றார் பெருமாள் சந்தோஷமாக. "வேர்க்கல்லகூட எப்சிபா பொண்ணுதான் வாங்கித் தந்துச்சு."

"தோற்றவர் தானே வந்து தோற்றேன் என்கிறார். ஜெயித்தவரோடு ஒரே வண்டியில் வருகிறார். தின்பண்டம் வாங்கித் தருகிறார்." அவர் கிளார்க்கைப் பார்த்தார். "என் பணிக்காலத்தில் தோற்ற எவரும் தோற்றேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. இது ஆட்டம் அல்ல. கூட்டு."

எப்சிபாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவள் கண் கலங்கிவிட்டது. பெருமாளுக்குக் கடைசி வரை புரியவில்லை. மாடிப்படி இறங்கும்போது, "அது உண்மையச் சொல்லிச்சேபா, அதுல இன்னா தப்பு" என்று என்னைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே வந்தார். கீழே மண்டபத்தில் ரிசப்ஷனுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ எங்களைப் பெண் வீட்டுக்காரர்கள் என்று நினைத்து ரோஸ் வாட்டர் தெளித்தார்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. மனு மேல் மனு போட்டேன். கோவையில் குதிரைக்கும் யானைக்கும் மந்திரிக்கும் ஒவ்வொரு எழுத்துச் சேர்த்தால் போதும், மூன்றே எழுத்து என்று விளக்கினேன். வாரியம் நிபுணர் குழு அமைத்தது. குழு கொடைக்கானலில் கூடியது. காலேஜில் சேருகிற கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. தேவி தினமும் படகேறிக் கடைக்கு வந்து, "ஏதாவது வந்துச்சா அண்ணா" என்று கேட்பாள். இல்லை என்று தலையசைத்தால் அடுத்த படகுக்குத் திரும்பிவிடுவாள். அந்தப் பிள்ளை வாசல்படி ஏறுகிற சத்தம் கேட்டாலே நான் இன்னொரு தடவை போர்ட்டலைத் திறந்து பார்த்துவிடுவேன்.

கடைசியாக உத்தரவு வந்தது. மறுபடியும் மேல்மாடி. மறுபடியும் செருப்பை வெளியே விட்டோம். சட்டத்தில் கோவை புதிதாக மாட்டப்பட்டிருந்தது. இப்போது கொஞ்சம் குட்டையாக இருந்தது. இந்த முறை சூசையம்மாளும் மகளோடு தனியாக வேறு பஸ்ஸில் வந்திருந்தாள். எங்கள் பக்கம் திரும்பவே பயந்து சுவரோரமாக நின்றாள்.

தமிழ்வாணன் வாசித்தார்.

"சமக்குறிக்குப் பின் ராணிக்கு மட்டும் இடம் தந்தது பாரபட்சம் என்ற மனுதாரரின் வாதத்தை வாரியம் பரிவோடு ஏற்கிறது. ஆகவே சமக்குறியே நீக்கப்படுகிறது. இனி எந்தச் சிப்பாயும் எதுவாகவும் மாறாது. அனைவருக்கும் சம நீதி."

தேவிதான் கேட்டாள். "அப்போ கடைசிக் கட்டத்துக்குப் போன சிப்பாய் இன்னா சார் ஆவும்?"

"நிற்கும்."

"எந்தப் பக்கம் நவுரும்?"

"எப்படியம்மா நகரும்? அதற்கு மேல் கட்டம் இல்லையே." அவர் புன்னகை செய்தார். "யோசித்துப் பார். ஒரு சிப்பாய் அத்தனை கட்டம் நடந்து அவ்வளவு தூரம் வந்ததே பெரிய சாதனை. வந்த இடத்தில் மரியாதையாக நிற்கலாம். நடந்து வந்தோம் என்பதற்காக வேறு ஏதாவதாக ஆகிவிட வேண்டும் என்று ஒவ்வொரு சிப்பாயும் ஆசைப்பட்டால் பலகை என்னத்துக்கு ஆகும்? ராஜா, ராணி, மந்திரி என்று ஏற்கெனவே இருக்கிறவர்கள் எங்கே போவார்கள்?"

ஊழியர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் லேசாகக் கைகூடத் தட்டினார்.

உத்தரவின் இரண்டாம் பகுதி இன்னும் மோசம். தேவியின் நாற்பத்தொன்றாவது நகர்த்தல் இனி வெறும் f8. சிப்பாய் எஃப் எட்டுக்குப் போய்ச் சிப்பாயாகவே நிற்கிறது. ஆட்டம் அங்கிருந்து, இப்போதே, அதிகாரிகள் முன்னிலையில் தொடர வேண்டும். அடுத்த நகர்த்தல் எப்சிபாவுடையது. அவளுக்கு ஒரே நகர்த்தலில் மாட் இருக்கிறது என்பதை நிபுணர் குழு கண்டுபிடித்திருந்தது.

"கூட்டு இல்லை என்று நிரூபிக்க இது வாய்ப்பு" என்றார் தமிழ்வாணன். "எப்சிபா அந்த மாட்டை வைத்தால் ஆட்டம் நேர்மையானது. இடம் எப்சிபாவுக்கு. வைக்காவிட்டால் கூட்டு உறுதி. இருவருக்கும் ஆயுள் தடை, இடம் இருவருக்கும் இல்லை."

பலகை வைத்தார்கள். புதுப் பலகை, மினுமினுவென்று கனமான காய்கள், இரண்டு பக்கமும் ராணிகள். வெள்ளைச் சிப்பாய் ஒன்று எஃப் எட்டில், எதிராளியின் கடைசி வரிசையில், பெரிய காய்களுக்கு நடுவில் தனியாக நின்றது. தேவி அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். கடிகாரத்தைத் தட்டினார்கள்.

எப்சிபா பலகையைப் பார்த்தாள், தேவியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டித் தன் ராஜாவைப் படுக்க வைத்தாள். தோற்றேன் என்று ஒப்புக்கொள்கிறவர்கள் செய்வது அதுதான்.

"ராஜாவை எழுப்புங்கள்" என்றார் தமிழ்வாணன். "படுக்க வைப்பதற்குக் கோவையில் எழுத்து இல்லை."

"நான் தோத்துட்டேன் சார். அன்னிக்கே தோத்துட்டேன்."

"அதற்கும் எழுத்து இல்லை."

கடிகாரம் ஓடியது. எப்சிபா அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தாள், கையைத் தூக்கவில்லை. சுவரோரம் நின்ற சூசையம்மாள் "ஏசப்பா, ஏசப்பா" என்று முணுமுணுத்தாள். மகளை ஆடு என்று சொல்லவும் அவளுக்கு மனசு வரவில்லை, ஆடாதே என்று சொல்லவும் முடியவில்லை.

தேவிதான் எழுந்தாள். படுத்திருந்த எதிராளி ராஜாவைத் தானே எடுத்து நிமிர்த்தி வைத்தாள்.

"எப்சி, அழாத. ஆடு" என்றாள். "உன் முறதான்."

பெருமாள் அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். ஊர்க் கூட்டத்தில் விட்டுக்கொடுக்கிறவன் எழுந்து நின்று சொல்கிற வார்த்தை அது. அதைச் சொன்ன பிறகு பசியாவரத்தில் ஒருத்தரும் பேச மாட்டார்கள். அவரும் பேசவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போய்விட்டார். எனக்கும் அழுகை வந்தது. சொல்லிவிடுகிறேன், இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

எப்சிபா ராணியை எடுத்து நகர்த்தினாள். கிளார்க் தட்டினார். Qe1#. திரை பச்சையாகியது. நான் கடையில் கை வலிக்க வலிக்கத் தட்டியது அதே எழுத்துகள்தான்.

"வாழ்த்துகள்" என்றார் தமிழ்வாணன் இரண்டு பேரையும் பார்த்து. "பார்த்தீர்களா, ஒழுங்காக ஆடினால் எவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடுகிறது."

எப்சிபா காலேஜில் சேர்ந்துவிட்டாள். தினமும் காலையில் என் கடை வாசலில்தான் பஸ்ஸுக்கு நிற்கிறாள். கம்பெனி வேன் அதற்கு முன்பே போய்விடுவதால் தேவியைப் பார்க்க வேண்டிய கஷ்டம் அவளுக்கு இல்லை. சதுரங்கத்தை அவள் அதோடு விட்டுவிட்டாள் என்று சூசையம்மாள் சொன்னாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவள் விளையாடாமல் இருக்கலாமா என்று காலேஜில் கேட்கிறார்களாம். எனக்கு ஒழுங்காளர் விருது கூரியரில் வந்தது. ஒரு பித்தளை ராணி, அடியில் என் பெயர். கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க அதைத்தான் முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன்.

தேவிக்குப் பங்கேற்புச் சான்றிதழ் போர்ட்டலில் வந்திருந்தது. கலரில் பிரிண்ட் போட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே பசியாவரத்துக்கு எடுத்துப் போனேன். கரையோரம் படகில் அப்பாவும் மகளும் பாடு முறைக்காகக் காத்திருந்தார்கள். நடுவில் அந்தப் பழைய செட். சோடா மூடி ராணி இன்னும் நின்றுகொண்டிருந்தது. இறால் உரித்து உரித்துத் தேவியின் விரல் நுனியெல்லாம் வெளுத்துத் தோல் கிளம்பியிருந்தது. சான்றிதழை வாங்கிப் பார்த்துவிட்டு, "தேங்க்ஸ் அண்ணா" என்று வலைக்கு அடியில் வைத்தாள்.

பெருமாளின் சிப்பாய் ஒன்று நடந்து கடைசி வரிசைக்குப் போயிருந்தது. அவர் வழக்கம்போல டப்பாவைத் திறந்து, வெட்டுப்பட்ட குதிரையை எடுத்தார்.

"வேணா நைனா" என்றாள் தேவி. "அது அங்கியே நிக்கட்டும்."

அவர் குதிரையைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தண்ணீர் படகின் பக்கத்தில் சலசலவென்று அடித்துக்கொண்டிருந்தது. அவர் குதிரையை டப்பாவுக்குள் போட்டு மூடினார்.

"சரி, உன் முற" என்றார்.